வடகமும் ஒரு நோட்டுப் புத்தகமும்

கோடைக் காலம் வந்துவிட்டது என்பதைப் பஞ்சாங்கத்தைப் புரட்டித்தானா தெரிந்துகொள்ள வேண்டும்? காலை 9 மணிக்குக் குழாயைத் திறந்தால் வெந்நீர் கொட்டுகிறது. தெருமுனையில் நுங்கு வண்டி வந்து நிற்கிறது. பள்ளிக்கூடத்தின் கதவு மூடுகிறது; நம் வீட்டுக் கதவு திறக்கிறது. அப்புறம் ஜூன் மாதம் வரையில் அது மூடுவதே இல்லை!

'அக்கினி நட்சத்திரம்' என்று நாம் அஞ்சுகிற நாட்கள் மே 4-ந் தேதி வாக்கில் தொடங்கி 28-ந் தேதி வாக்கில் முடிகின்றன. ஆனால், சூரியன் எங்கள் தஞ்சாவூருக்கு நேர் உச்சியில் வந்து நிற்பது ஏப்ரல் 18-ந் தேதி வாக்கிலேயே! பின் ஏன் மே மாதத்தில் இப்படிக் கொளுத்துகிறது என்று கேட்பீர்கள். அடுப்பில் வைத்ததும் தோசைக்கல் காய்ந்துவிடுகிறதா? கொஞ்ச நேரம் பிடிக்கிறதல்லவா? பூமியும் அப்படித்தான். சென்னையில் 2003-ம் வருஷம் வெயில் 45 டிகிரியைத் தொட்டது மே 31-ந் தேதி. கத்திரி 'கழிந்த' பிறகு!

இந்த வெயிலில் ஒரு குடும்பத் தலைவியின் பொழுது எப்படிப் போகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், நம் கஷ்டத்தைப் பிறர் வாயால் கேட்பதில் ஒரு சுகம் உண்டல்லவா?

காலை 5 மணிக்குப் பால். 6 மணிக்குக் காப்பி. அதிலும் ஆளுக்கு ஒரு தினுசு: ஒருவருக்குச் சர்க்கரை கூடாது, ஒருவருக்கு நாட்டுச் சர்க்கரைதான் வேண்டும், ஒருவருக்குக் காப்பியே ஆகாது. 11 மணிக்கு நீர்மோர். 12½ மணிக்குச் சாப்பாடு. 2 மணிக்குக் கண்ணை மூடினால், "அப்பாயி, போர் அடிக்குது" என்று பேரன் வந்து நிற்பான். 4 மணிக்குப் பலகாரம். இரவானால் ஒரு விசேஷம். வீட்டில் ஏ.ஸி. உள்ள அறை ஒன்றே ஒன்று. மே மாதத்தில் எங்கள் குடும்பம் ஏழு பேரும் அந்த ஓர் அறைக்குள்தான் படுக்கிறோம். கூட்டுக் குடும்பம் அழிந்து போய்விட்டது என்று யார் சொன்னது?

இதற்கு நடுவில் எழுத நேரம் ஏது?

நான் பெரிய எழுத்தாளர் அல்ல. எப்போதாவது ஒரு சிறுகதை எழுதுவேன். நாலைந்து அச்சிலும் வந்திருக்கின்றன. ஆனால், "எழுத ஆசைதான், நேரம்தான் கிடைக்கவில்லை" என்று சொல்கிற சகோதரிகள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். சகோதரர்களும் உண்டு. அவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்: நேரம் என்பது சந்தையில் கிடைக்கிற கத்திரிக்காய் அல்ல, போய்க் 'கிடைக்கிறதா' என்று பார்த்துவிட்டு வருவதற்கு.

இங்கிலாந்தில் ஆண்டனி டிராலப் என்று ஒரு நாவலாசிரியர் இருந்தார். அவருக்கு உத்தியோகம் தபால் இலாகாவில். ஆகவே, விடியற்காலம் 5½ மணிக்கே மேஜை முன்னால் உட்கார்ந்துவிடுவாராம். எதிரே கடிகாரத்தை வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 வார்த்தை வீதம் எழுதுவாராம். 1883-ல் வெளியான சுயசரிதத்தில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார். படித்துவிட்டு நானும் பிரமித்தேன். அப்புறம் இன்னொரு வரி கண்ணில் பட்டது. அந்த வேளையில் அவரை எழுப்பிக் காப்பி கொடுப்பதற்கென்று ஒரு வேலைக்காரர் இருந்தார். அதற்காக அவருக்கு வருஷத்துக்கு 5 பவுன் அதிகச் சம்பளம்! எங்கள் வீட்டில் அந்தக் காப்பிக்காரர் யார் தெரியுமோ? நான்தான்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் வை. மு. கோதைநாயகி அம்மாளைப் பாருங்கள். ஐந்து வயதில் கல்யாணம். பள்ளிக்கூடப் படிப்புக் கிடையாது. முதல் நாடகத்தை அவர் வாயால் சொல்லச் சொல்ல, ஒரு தோழி எழுதினார். அப்புறம் தாமே எழுதக் கற்றுக்கொண்டார். 1925 முதல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை நடத்தினார். 115 நாவல்கள் எழுதினார். முதல் படைப்பு உருவாக இரண்டு பேர் வேண்டியிருந்தது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம்: சொல்ல ஒருவர், எழுத ஒருவர்.

உ. வே. சாமிநாதையர் 'என் சரித்திரம்' எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 85-ஐ எட்டிக்கொண்டிருந்தது. 1940 முதல் அது 'ஆனந்த விகட'னில் வாரா வாரம் வந்தது. 1942-ம் வருஷம், இதே மாதிரி ஒரு கோடையில், ஏப்ரல் 28-ந் தேதி அவர் காலமானார். சரித்திரம் முடிவுறாமலே நின்றுவிட்டது. அந்தப் புத்தகத்தைக் கையில் எடுக்கும்போதெல்லாம், 'ஒரு பத்து வருஷம் முன்னதாக ஆரம்பித்திருக்கக் கூடாதா!' என்று தோன்றும்.

சென்ற வருஷம் கோடையில் அந்த எண்ணம் எனக்கு அடிக்கடி வந்துகொண்டிருந்தது. காரணம், என் மாமியார்.

மாமியாருக்கு அப்போது 86 வயது. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு இன்றும் தொடர்கதை ஒன்று விடாமல் படிப்பார். என் கதைகளையும் படித்துவிட்டு, "உன் கதையில எல்லாரும் ரொம்பப் பேசறாங்கம்மா" என்று அபிப்பிராயம் சொல்வார். அப்படிப்பட்டவர், "பால் காய்ச்சியாச்சா?" என்று காலையில் மூன்று தடவை கேட்க ஆரம்பித்தார். டாக்டரிடம் அழைத்துப் போனோம். "வயசானால் இப்படித்தான். நேற்று நடந்தது முதலில் மறக்கும். சின்ன வயதுச் சங்கதி கடைசி வரை நிற்கும். ஆனால், அதற்கும் ஒரு கடைசி உண்டு" என்றார் அவர். அந்தக் கடைசி வாக்கியம் என் காதிலேயே நின்றது.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் வீட்டில் வருஷாந்தரக் கோடை மகாநாடு கூடியது. என் கணவர் தலைமை. பையன், மருமகள், பேரன், பேத்தி எல்லாரும் பெங்களூரிலிருந்து வந்திருந்தார்கள். தீர்மானத்தைக் கொண்டு வந்தவன் பையன்.

"பத்து நாள் கொடைக்கானல் போயிடலாம்ப்பா. இ-பாஸுக்கு நான் பதிஞ்சுடறேன்" என்றான். மலை ஏறுகிற வண்டிகளுக்கு இ-பாஸ் என்று 2024-ம் வருஷம் மே மாதம் வந்தது அல்லவா, அதைச் சொன்னான்.

"அம்மாவால மலையெல்லாம் ஏற முடியாதேடா" என்றார் என் கணவர்.

"அப்பாயியைத் திருச்சி அத்தை வீட்டுல விட்டுடலாம். அம்மா, நீயும் அங்கே குளுகுளுன்னு உட்கார்ந்து எழுதலாமே!"

கொடைக்கானலில் வீடு எடுத்துத் தங்கினாலும் ஆறு பேருக்குச் சமைப்பது சமைப்பதுதான் என்பது பையனுக்குத் தெரியாது. மருமகளுக்குத் தெரியும், அவள் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தாள்.

அப்போது மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது. "வெங்காயம் வந்து எறங்கி ரெண்டு நாளாச்சு. வடகம் யாரு போடறது?"

சபை மௌனமாகிவிட்டது. எங்கள் வீட்டு வெங்காய வடகத்துக்கு அத்தனை மதிப்பு! அதைத் தாளித்துக் கொட்டாத வற்றல் குழம்பை எங்கள் வீட்டு ஆண்கள் குழம்பாகவே ஒப்புக்கொள்வதில்லை.

"நான் அத்தையோட இருந்து வடகம் போட்டு வெச்சுடறேன். நீங்கள்லாம் போயிட்டு வாங்க" என்றேன்.

ஏகமனதாக நிறைவேறியது. கவனித்தீர்களா? 'எழுதப் போகிறேன்' என்று சொல்லியிருந்தால் எத்தனை ஓட்டு விழுந்திருக்குமோ! வடகம் என்றதும் ஆட்சேபணையே இல்லை.

அன்றிரவு என் கணவரிடம் மட்டும் என் உத்தேசத்தைச் சொன்னேன். அத்தை சொல்லச் சொல்ல, அவருடைய சின்ன வயதுச் சமாசாரங்களை எழுதி வைக்கப் போகிறேன் என்றேன். அவர் ஆச்சரியத்துடன், "அம்மாகிட்ட எழுதறதுக்கு என்ன இருக்கு? பொறந்தாங்க, கட்டிக்கிட்டு வந்தாங்க, எங்களை வளர்த்தாங்க" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் வீடு காலியாயிற்று. நானும் மாமியாரும் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தோம்.

வடகம் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அது ஒரு நாளில் முடிகிற காரியம் அல்ல. சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் இடித்து, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், உப்பு எல்லாம் கலந்து ஓர் இரவு ஊற வைக்க வேண்டும். மறுநாள் பிழிந்து உருட்டி வெயிலில் வைக்க வேண்டும். சாயங்காலம் அதையெல்லாம் எடுத்து, உதிர்த்து, அதே சாற்றில் மறுபடி போட வேண்டும். காலையில் மறுபடி உருட்ட வேண்டும். சாறு முழுக்க உள்ளே போகும் வரை இப்படியே நடக்கும். கடைசியில் விளக்கெண்ணெய் தடவிக் காய வைத்து எடுத்தால், அடுத்த வருஷம் வரை கெடாது. கூடவே கூழ் வற்றலும் பிழிந்து வைப்போம். அதற்குத்தான் காக்கை வரும்; காவலுக்கு ஆள் வேண்டும்.

காலை 6½ மணிக்கு மாடியில் பரப்பிவிட்டு, மாடிப்படி அறையின் மேற்குப் பக்கத்து நிழலில் உட்காருவோம். என் மாமியார் கையில் ஒரு நீண்ட மூங்கில் குச்சி. அதன் நுனியில் கறுப்புத் துணி. என் கையில் 100 பக்க நோட்டு. நிழல் சுருங்கி எங்கள் கால்விரலைத் தொடுகிறபோது மணி சுமார் 9 ஆகும். அது வரையில் எழுதுவேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தாலும், "வடகம் காக்கிறாங்க" என்று போய்விடுவார்கள். எழுதுகிறவளைக் கூப்பிடலாம்; வடகம் காக்கிறவளைக் கூப்பிட யாருக்கும் மனசு வராது!

முதல் இரண்டு நாள் மாமியார் சொன்னதெல்லாம் சமையல்தான். மூன்றாம் நாள் ஆறு வந்தது.

அவருக்குப் பிறந்த ஊர் குடமுருட்டிக் கரையில். கோடையில் ஆறு வறண்டு வெறும் மணலாகக் கிடக்குமாம். பெண்டுகள் மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்புவார்களாம். சாயங்காலம் ஊர் முழுக்க மணலில்தான் உட்கார்ந்திருக்குமாம். 1934-ல் மேட்டூர் அணை வந்த பிறகு, ஜூன் 12-ந் தேதி தண்ணீர் திறப்பது வழக்கமாயிற்று. அங்கே திறந்தால் கல்லணைக்கு வரவே மூன்று நான்கு நாளாகும். அதற்கப்புறம் கிளை ஆறுகளில் விடுவார்கள். ஊருக்குள் தண்ணீர் ஓடி வராதாம், தவழ்ந்து வருமாம். முன்னால் நுரை, நுரைக்கு முன்னால் சருகு, சருகுக்கு முன்னால் பிள்ளைகள்! ஓடிக் கொண்டே வருவார்களாம். படித்துறையில் மஞ்சளும் பூவும் வைத்துக் கற்பூரம் காட்டுகிற வரையில் யாரும் காலை நனைக்கக் கூடாது.

இதையெல்லாம் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், காக்கையை ஒரு தடவை விரட்டிவிட்டு, "அந்தத் தண்ணி வந்துதான் என் படிப்பு நின்னுச்சு" என்றார்.

நான் பேனாவை எடுக்கவில்லை. "என்ன அத்தை?" என்றேன்.

1949-ம் வருஷம். ஐந்தாம் வகுப்பு முடித்தாயிற்று. ஆறாம் வகுப்புக்கு அக்கரையில்தான் பள்ளிக்கூடம். மே மாதம், ஆறு வறண்டிருந்தபோது, அண்ணனோடு மணலில் நடந்துபோய்ப் பேர் பதிந்துவிட்டு வந்துவிட்டார். வாத்தியார் ஒரு கணக்குப் போடச் சொல்லி, "கெட்டிக்காரி" என்றாராம். ஜூன் மாதம் தண்ணீர் வந்தது. அக்கரைக்குப் போக மூங்கில் பாலம் ஒன்றுதான். "பையன் போவான். பொண்ணு எப்படி மூங்கிலைப் பிடிச்சுக்கிட்டுத் தினம் போவும்?" என்று வீட்டில் பேச்சு வந்தது. ஒரே சாயங்காலத்தில் தீர்மானம் ஆகிவிட்டது.

"உங்களைக் கேட்டாங்களா அத்தை?"

"என்னை யாரு கேப்பா? நான் படித்துறையில கற்பூரம் காட்டறதைப் பார்த்துக்கிட்டு நின்னேன். தண்ணி வராம இருக்கணும்னு நெனைக்க முடியுமா? தண்ணி வந்தாத்தான் ஊருக்குச் சோறு."

கொஞ்ச நேரம் நாங்கள் இருவரும் வடகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இதையும் எழுதப் போறியா?" என்றார்.

"எழுதணும் அத்தை."

"எழுது. ஆனா, எங்க அப்பாவைத் தப்பாப் போட்டுடாதே. அவங்களுக்கு என் மேல உயிரு."

அப்படியே எழுதினேன். கதையில் எல்லாரும் ரொம்பப் பேசுகிறார்கள் என்பவர் அல்லவா? அதனால் அவர் பேசியதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. அறுபது வருஷத்துக்கு மேல் அந்த அம்மாள் கையால் சாப்பிட்ட வீடு இது. இந்தச் செய்தி அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. மறைத்து வைத்தார் என்று சொல்ல முடியாது; கேட்டவர்கள் இல்லை, அவ்வளவுதான்.

பத்து நாள் கழித்துக் கொடைக்கானல் கோஷ்டி திரும்பியது. நோட்டில் 62 பக்கம் நிறைந்திருந்தது. அன்றிரவு ஏ.ஸி. அறையில் எல்லாரும் படுத்திருக்கையில் மருமகள்தான் அதை உரக்கப் படித்தாள். ஆற்றுக் கட்டம் வந்தது. என் கணவர் எழுந்து உட்கார்ந்தார். "அம்மா, நீங்க சொல்லவே இல்லையே?" என்றார்.

மாமியார் பதில் சொல்லுமுன் ஏழு வயதுப் பேத்தி குறுக்கிட்டாள். "பெரிய அப்பாயி, நீங்க நீந்திப் போயிருக்கலாமே?"

"அது அன்னிக்கு எனக்குத் தோணலையே கண்ணு!" என்று சிரித்தார் அவர். அறை முழுவதும் சிரித்தது. என் கணவர் மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை 6 மணிக்கு நான் அடுப்படிக்குப் போனபோது காப்பி வாசனை வந்தது. என் கணவர் இறக்கியிருந்தார். டிகாக்‌ஷன் கொஞ்சம் தண்ணீர்தான். அதைப் பற்றி என்ன? டம்ளரை என் கையில் கொடுத்து, "நீயும் அம்மாவும் மாடிக்குப் போங்க. குச்சியைக் கொடு, காக்கையை நான் பார்த்துக்கறேன்" என்றார். அன்று முதல் 9 மணி வரையில் என்னை யாரும் கீழே கூப்பிடுவதில்லை என்பது எங்கள் வீட்டுச் சட்டம். மகாநாடு கூடாமலே நிறைவேறிய சட்டம் அது. வடகம் முடிந்த பிறகும் அது அமலில் இருக்கிறது.

இப்போது மூன்றாவது நோட்டு நடக்கிறது. இந்த வருஷம் மாமியார் சில நாள் என்னையே, "நீ யாரு வீட்டுப் பொண்ணு?" என்று கேட்கிறார். ஆனால், குடமுருட்டி என்றதும் முகம் மலர்ந்துவிடுகிறது. சொன்னதையே திரும்பச் சொல்கிறார். நானும் திரும்ப எழுதிக்கொள்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று புதிதாக வருகிறது. அந்த வாத்தியார் போடச் சொன்ன கணக்கு என்ன என்பது போன வாரம்தான் வந்தது. பெருக்கல் கணக்கு. விடையையும் சொன்னார், நான் போட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது.

ஆகவே, நண்பர்களே, உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இரண்டே விஷயங்கள். எழுத நேரம் வேண்டுமானால், வீட்டில் எல்லாரும் மதிக்கிற ஒரு வேலையின் பக்கத்தில் அதை உட்கார்த்தி வையுங்கள். மெள்ள மெள்ள அதற்கும் மரியாதை வந்துவிடும். இன்னொன்று, என்ன எழுதுவது என்று தவிக்க வேண்டாம். உங்கள் வீட்டு மூலையிலும் ஒருவர் உட்கார்ந்திருப்பார். கடைசியாகக் கூட யாரும் அவர் அபிப்பிராயத்தைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஒரு 100 பக்க நோட்டு என்ன விலை விற்றுவிடப் போகிறது? வெயில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். வடகம் போட உளுந்தை ஊற வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். "உங்க ஊர்ல ஆறு உண்டா?" என்று கேட்டால் போதும். ஆறு இல்லாவிட்டால் ஏரி இருக்கும். அதுவும் இல்லாவிட்டால் ஒரு கிணறாவது இருக்கும்.